ஒரு பாட்டியை வறுமைக்கோட்டுக்குக் கீழே இறக்கிய கதை

முதல் கூட்டத்தில் ஒன்றரை மணி நேரம் சட்டையின் நிறத்தைப் பற்றியே பேசினோம். வறுமை ஒழிப்புப் பணிக்குழு என்றால் எல்லோரும் ஒரே நிறச் சட்டையில் வீடு வீடாகப் போக வேண்டும் என்பது தலைவரின் ஆசை. மஞ்சள் என்றார் ஒருவர். மஞ்சள் போட்டுக்கொண்டு ஏழு பேர் சேர்ந்து நடந்தால் போலீஸ்காரர் பின்னால் வருவார் என்றார் இன்னொருவர். இளநீலம் என்று முடிவானதும் தேநீரும் கறிபாப்பும் வந்தன. ஏழைகள் என்ற சொல் அன்றைய கூட்டக் குறிப்பில் ஒரே ஒரு முறை வருகிறது. எழுதியவள் நான்தான்.

மலேசியாவின் பினாங்கில் ஆயர் ஈத்தாம் பக்கம் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பில் இருக்கிறேன். பள்ளி அலுவலகத்தில் கிராணியாக, அதாவது எழுத்தராக, இருந்து ஓய்வு பெற்றவள். எங்கள் புளோக்கில் யாருக்குப் படிவம் நிரப்ப வேண்டுமென்றாலும் என் கதவைத்தான் தட்டுவார்கள். அதனால் செயலாளர் வேலை கேட்காமலே என் தலையில் வந்து விழுந்தது.

2022இல் கடும் ஏழ்மையில் இருக்கும் குடும்பங்களைத் தேடிப் பிடித்துக் கைதூக்கிவிடும் திட்டம் ஒன்றைக் கூட்டரசு தொடங்கியது. மேலே பிரதமர் துறை, அதன் கீழே மாநிலம், அதற்கும் கீழே மாவட்டம் என்று படிப்படியாகக் குழுக்கள். நாங்கள் ஏழு பேரும் அந்த ஏணியில் எந்தப் படியிலும் இல்லை. தரையில் நின்று ஏணியைப் பிடித்துக்கொண்டிருந்தவர்கள். தலைவர், ஓய்வு பெற்ற ஒரு தாதி, சூராவ் என்னும் சிறு தொழுகைக் கூடத்தின் சமையலறையைக் கவனிக்கும் மலாய் மக்சிக் (அத்தை), கோவில் பொருளாளர், கீழ்த்தளத்தில் மளிகைக் கடை வைத்திருக்கும் சீனத் தவுக்கே (முதலாளி), மோட்டார் சைக்கிளில் உணவு கொண்டுபோய்க் கொடுக்கும் ஒரு தம்பி, பிறகு நான்.

எனக்கு இது முதல் அனுபவம் இல்லை. 2010இல் இந்தியச் சமூகத்துக்காகச் சிறப்பு அமலாக்கப் பணிக்குழு ஒன்று அமைக்கப்பட்டு, அடுத்த ஆண்டு பிப்ரவரியில் மைடஃப்தார் என்ற பெயரில் ஒரு வாரம் பதிவு நடந்தது. பிறப்புப் பத்திரம் இல்லாதவர்கள், அடையாள அட்டை இல்லாதவர்கள், குடியுரிமை இல்லாமல் ஆயுள் முழுக்க நிரந்தரவாசிக்கான சிவப்பு அட்டையோடு காலம் தள்ளியவர்கள் என்று வரிசை நின்றது. அங்கே மேசை போட்டு உட்கார்ந்து படிவம் நிரப்பியிருக்கிறேன். ஆவணம் இல்லாதவர் தானே தேடி வந்துவிடுவார், ஏனென்றால் அது இல்லாமல் பள்ளியும் இல்லை, வேலையும் இல்லை. வறுமை அப்படி வராது. அதை நாம்தான் தேடிக்கொண்டு போக வேண்டும். போனாலும் "நாங்கள் நன்றாகத்தான் இருக்கிறோம்" என்று நாற்காலி எடுத்துப் போடுவார்கள்.

இரண்டாவது கூட்டத்தில்தான் அசல் சண்டை. யார் ஏழை? நம் நாட்டில் இதற்கான விடை திடீரென்று மாறிய வரலாறு உண்டு. 2016 கணக்குப்படி நாட்டில் ஏழ்மை 0.4 விழுக்காடுதான். 2019 ஆகஸ்ட்டில் வந்த வறுமை குறித்த ஐ.நா. சிறப்பு அறிக்கையாளர் பிலிப் ஆல்ஸ்டன் இதை நம்பவே முடியாது என்றார். 2020 ஜூலையில் அரசாங்கம் வறுமைக்கோட்டை மாதம் 980 வெள்ளியிலிருந்து (ரிங்கிட்) 2,208 வெள்ளிக்கு உயர்த்தியது. கோடு உயர்ந்ததும் 2019ஆம் ஆண்டின் ஏழ்மை 5.6 விழுக்காடு என்று கணக்கு வந்தது. சாயங்காலம் வரை ஏழையாக இல்லாத எத்தனையோ குடும்பங்கள் மறுநாள் காலையில் ஏழையாக எழுந்திருக்கின்றன. கடும் ஏழ்மைக்கான கோடு அப்போது 1,169 வெள்ளி.

எங்கள் பொருளாளர் அந்த எண்ணை ஒரு காகிதத்தில் எழுதிச் சுவரில் ஒட்டிவிட்டார். 2,208 என்பது சராசரி, குடும்பத்தில் எத்தனை பேர், எந்த மாநிலம், நகரமா கிராமமா என்பதைப் பார்த்து அது மாறும் என்று தாதி சொல்லிப் பார்த்தார். சுவரில் ஒட்டிய எண்ணை யாரால் மாற்ற முடியும்?

பெயர்ப் பட்டியல் எடுக்க உட்கார்ந்தபோது தவுக்கேதான் கைகொடுத்தார். அவர் கடையில் 555 நோட்டு ஓர் அடுக்கு இருக்கும். உள்ளங்கையில் அடங்குகிற அந்தக் கடன் நோட்டைத் தெரியாத மலேசியர் இருக்க மாட்டார். யாருக்கு எவ்வளவு பாக்கி, யார் பதினைந்தாம் தேதியே கடன் கேட்க ஆரம்பிக்கிறார், யார் பால் மாவிலிருந்து கெட்டிப்பாலுக்கு இறங்கிவிட்டார், எல்லாம் அதில் இருக்கிறது. நோட்டைக் காட்டுங்கள் என்று தலைவர் கேட்டார். "இது என் வாடிக்கையாளர்களின் மானம், தர மாட்டேன்" என்று மலாயில் சொல்லி மறுத்துவிட்டார். பிறகு ஓர் ஒப்பந்தத்துக்கு வந்தோம். நாங்கள் வீட்டு எண்ணைச் சொல்வோம்; அவர் தலையை ஆட்டுவார், அல்லது ஆட்டாமல் இருப்பார். அவ்வளவுதான். நாற்பத்தோரு தலையாட்டல் வந்தது. ஒருமுறை மட்டும் யாரும் எண்ணைச் சொல்லாமலே எதிரில் இருந்த தம்பியை ஒரு கணம் பார்த்துவிட்டு நோட்டை மூடினார். எனக்கு அப்போது அது உறைக்கவில்லை.

அந்த நாற்பத்தொன்றில் ஒருவர்தான் ஒன்பதாம் மாடிப் பாட்டி. எழுபத்து நான்கு வயது. செபராங் பிறையில் ரப்பர் மரம் சீவியவர். தோட்டம் வீடமைப்புக்குக் கைமாறியபோது வெளியேறி இங்கே வந்தார். இறந்த மகளின் பையனை வைத்து வளர்க்கிறார். கோவில் வாசலில் பூச்சரம் கட்டி விற்கிறார். இவரைப் பட்டியலில் சேர்ப்பதில் என்ன சிக்கல் வந்துவிடப் போகிறது என்று நினைத்தேன்.

நாட்டில் ஏழைகளின் பெயர் இருக்கும் தரவு வங்கி இ-காசே. விண்ணப்பிக்கலாம், ஆனால் விண்ணப்பித்ததாலேயே பெயர் ஏறாது. அதிகாரி வீட்டுக்கு வந்து பஞ்சி, அதாவது கணக்கெடுப்பு, எடுப்பார். அது மாவட்ட அளவிலான குழுவுக்குப் போகும். அங்கே ஒப்புதல் கிடைக்க வேண்டும். பெயர் ஏறிவிட்டால் பணம் வரும் என்று நினைப்பதும் தவறு. உதவி கொடுக்கும் இலாகாக்கள் அந்தப் பட்டியலைப் பார்த்து ஆளைத் தேர்ந்தெடுக்கும், அவ்வளவுதான். இதை நான் வீடு வீடாக விளக்கியே தொண்டை கட்டிப்போனது.

பாட்டியின் மனு திரும்பி வந்தது. குடும்ப வருமானம் கோட்டுக்கு மேல் என்று பதில். எங்கே போனது தவறு என்று பார்த்தால், யாரோ எப்போதோ பாட்டிக்காக நிரப்பிய பழைய படிவத்தில் அவருடைய மகனும் வீட்டு உறுப்பினர். ஜொகூர் பாருவில் வெல்டிங் வேலை செய்கிறார். அங்கேயே குடும்பம், குழந்தைகள். அடையாள அட்டையில் மட்டும் இன்னும் ஒன்பதாம் மாடி முகவரி. கெத்துவா ஈசி ருமா, அதாவது குடும்பத் தலைவர், பாட்டி. அவருக்குக் கீழே மகனின் 2,800 வெள்ளிச் சம்பளம். ஒரே அடுப்பில் உண்பவர்கள்தான் ஒரு குடும்பம். வெளியூரில் இருக்கும் பிள்ளை அனுப்பும் பணம் வருமானத்தில் சேரும். பிள்ளையின் சம்பளம் சேராது. இந்த ஒரு வரியைக் கற்றுக்கொள்ள எனக்கு நான்கு நடை ஆனது. ஒவ்வொரு நடையிலும் முகப்பில் வெவ்வேறு ஆள், வெவ்வேறு பதில். மூன்றாவது முறை இலக்கச் சீட்டு எடுத்து உட்கார்ந்திருந்தபோது மதிய உணவு நேரம் என்று கதவைச் சாத்தினார்கள். நான் கொண்டுபோயிருந்த நாசி லெமாக்கை அந்தக் கதவுக்கு எதிரிலேயே பிரித்துச் சாப்பிட்டேன். கொஞ்சம் வீம்புதான்.

மறு பஞ்சிக்கு ஓர் இளம் மலாய்ப் பெண் அதிகாரி வந்தார். நான் மொழிபெயர்க்க உட்கார்ந்தேன். "மகன் மாதம் எவ்வளவு அனுப்புகிறார்?" என்று கேட்டார். பாட்டி முந்தானையைச் சரிசெய்துகொண்டு, "ஐந்நூறு அனுப்புகிறான். சில மாதம் அறுநூறும் வரும்" என்றார்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. தீபாவளிக்கு இருநூறு வருவதே பெரிது என்று என்னிடம் அழுதவர் இவர். அதிகாரி முன்னால் பிள்ளையை விட்டுக்கொடுக்க மனம் வரவில்லை. நான் அதை அப்படியே மொழிபெயர்ப்பதா, மாற்றிச் சொல்வதா? வாய் திறக்காமல் இருந்தேன். அந்தப் பெண் என் முகத்தைப் பார்த்தார். பேனாவை மூடினார். "அரிசி எந்தக் கடையில் வாங்குவீர்கள் நெனெக் (பாட்டி)? ஒரு தடவைக்கு எத்தனை கிலோ?"

"கீழே தவுக்கே கடையில்தான். இரண்டு கிலோ."

"பத்து கிலோ மூட்டை மலிவாயிற்றே?"

"அவ்வளவு பணம் ஒரே நாளில் எப்படி இருக்கும் அம்மா?"

அதிகாரி அதற்குமேல் மகனைப் பற்றிக் கேட்கவில்லை. எரிவாயு எப்போது மாற்றினீர்கள், பையன் பள்ளிக்கு எப்படிப் போகிறான், ரத்த அழுத்த மாத்திரையை ஒருநாள் விட்டு ஒருநாள் போடுகிறீர்களா என்று பேச்சோடு பேச்சாகக் கேட்டு எழுதிக்கொண்டே போனார். எங்கள் பணிக்குழுவுக்கு அவரைத் தலைவராகப் போட்டிருக்கலாம் என்று அன்று தோன்றியது. அதன் பிறகு நாங்களும் எந்த வீட்டிலும் வருமானத்தை முதலில் கேட்டதில்லை. அரிசியைத்தான் கேட்டோம்.

மகன் வேறு ஊரில் வசிப்பதாகச் சத்தியப் பிரமாணம் வேண்டும் என்றார்கள். போனில் கூப்பிட்டால் எடுக்க மாட்டார். 2023 தைப்பூசத்துக்குப் பினாங்குத் தண்ணீர்மலை முருகன் கோவிலுக்கு வந்தவரை, மொட்டைத் தலையில் சந்தனத்தோடு, தண்ணீர்ப் பந்தல் பக்கம் பிடித்தோம். பூசம் ஞாயிற்றுக்கிழமை, மறுநாளும் விடுமுறை. கையெழுத்துக்காகச் செவ்வாய்க்கிழமை வரை பஸ்ஸைத் தள்ளிப்போட்டார். கெட்ட பிள்ளை என்று எழுத எனக்கு மனம் இல்லை. 2,800 வெள்ளியில் ஜொகூர் பாருவில் ஒரு குடும்பம் எப்படி நடக்கும் என்று எனக்கும் கணக்குத் தெரியும்.

பாட்டியின் பெயர் ஏப்ரலில் ஏறியது. ஏழை என்ற பிரிவில். முதியோருக்கான மாத உதவிக்குத் தனியாக விண்ணப்பித்து, அதற்கும் வீட்டுக்கு வந்து பார்த்து, பிறகுதான் 500 வெள்ளி வரத் தொடங்கியது. நாற்பத்தொன்றில் இருபத்து மூன்று ஏறின. சில தள்ளுபடி. சிலர் கதவே திறக்கவில்லை. இளநீலச் சட்டைகள் ஆகஸ்ட்டில் வந்தன, எல்லாம் ஒரே பெரிய அளவில்.

சட்டையை வாங்கிக்கொள்ள வந்தபோது தம்பி வாசலிலேயே நின்றார். எங்களோடு எல்லா மாடியும் ஏறி இறங்கியவர். "கிராணியம்மா, படிவம் ஏதாவது மிச்சம் இருக்கிறதா?" என்றார். யாருக்கு என்று கேட்டேன். தன் வீட்டு எண்ணைச் சொன்னார். மனைவி, மூன்று பிள்ளைகள், படுத்த படுக்கையாக அப்பா.

உட்கார வைத்து நிரப்ப ஆரம்பித்தோம். மாத வருமானம் என்ற இடத்தில் நின்றுவிட்டது. போன மாதம் 1,900. அதற்கு முந்திய மாதம் 2,600. மழை பிடித்தால் ஆர்டர் கூடும், வண்டி பழுதானால் ஒரு வாரம் ஒன்றுமே இல்லை. பெட்ரோலைக் கழித்து எழுதுவதா, கழிக்காமலா? படிவத்தில் ஒரே ஒரு கட்டம்தான் இருக்கிறது. இப்போதைக்குப் பென்சிலால் எழுதி வைத்திருக்கிறோம்.