சீனி இறங்கினாலும் நிறுத்தக் கூடாத குளிசை

வெள்ளவத்தையில் காலி வீதியோரம் ஒரு மருந்தகத்தில் வேலை செய்கிறேன். பின்னேரம் வருபவர்களில் சலரோகக்காரர்தான் கூட. துண்டை நீட்டும்போதே "இண்டைக்குச் சீனி 118, பிள்ளை" என்று சந்தோஷமாகச் சொல்வார்கள். நானும் "நல்லது அங்கிள்" என்பேன். அப்படி ஒருவரிடம் சொல்லிவிட்டு நெடுநாள் வருந்தினேன்.

அறுபதைத் தாண்டியவர். ஏற்கெனவே ஒரு தடவை ஹார்ட் அட்டாக் வந்தவர். பெரிய உடம்பில்லை, ஆனால் சேர்ட் பொத்தானை இழுக்கும் வண்டி. எங்கள் ஆட்களுக்கு அதுவே போதும். தெற்காசியர்களில் ஆண்களுக்கு இடுப்பளவு 90 சென்ரிமீற்றரையும் பெண்களுக்கு 80ஐயும் தொட்டாலே கவனிக்க வேண்டும். டொக்டர் சீனியைக் குறைக்கும் மெட்ஃபோமினோடு எம்பாகிளிஃப்ளோசின் என்ற இன்னொரு குளிசையும் எழுதியிருந்தார். இரண்டு மாதமாக மெட்ஃபோமின் மட்டும் வாங்கினார். "சீனிதான் இறங்கிட்டுதே, மற்றது விலை" என்றார். பின்னால் ஆட்கள் நின்றார்கள். நான் காசை வாங்கிக்கொண்டு அனுப்பிவிட்டேன்.

மூன்றாம் மாதம் மகள் வந்தார். அப்பா மூச்சு வாங்கி, கால் வீங்கி ஆஸ்பத்திரியில் என்றார். குளிசையை நிறுத்தியதால்தான் அப்படி ஆனது என்று என்னால் அடித்துச் சொல்ல முடியாது. ஆனால் சொல்ல வேண்டியதை நான் சொல்லவில்லை.

சொல்லியிருக்க வேண்டியது இதுதான். அந்த எம்பாகிளிஃப்ளோசின் சீனிக்கு மட்டும் இல்லை. சிறுநீரகம் திருப்பி உறிஞ்சும் சீனியில் ஒரு பங்கை அது சிறுநீரோடு வெளியே விடுகிறது. கூடவே உப்பும் தண்ணீரும் போவதால் இதயத்தின் சுமை குறைகிறது, நிறையும் கொஞ்சம் இறங்குகிறது. சலரோகமும் இதய, இரத்தக்குழாய் நோயும் சேர்ந்திருந்த 7,020 பேரை வைத்துச் செய்த ஆய்வு 2015இல் வெளிவந்தது. மருந்தில்லாத வெற்றுக் குளிசை எடுத்தவர்களோடு பார்க்கையில், இதை எடுத்தவர்களில் அந்த நோய்களால் இறந்தவர்கள் 38 வீதம் குறைவு. இதயச் செயலிழப்பால் ஆஸ்பத்திரிக்குப் போனவர்கள் 35 வீதம் குறைவு. சீனி அளவிலோ இரு பக்கத்துக்கும் பெரிய வித்தியாசமில்லை. 2023இல், சலரோகத்துக்குப் போடும் இன்னொரு மருந்தான செமாகுளூட்டைட் ஊசி பற்றிய ஆய்வில் சலரோகமே இல்லாத, நிறை கூடிய இதய நோயாளிகளிடமும் மாரடைப்பு, பக்கவாதம், இதயச் சாவு எல்லாம் சேர்த்து 20 வீதம் குறைந்தது. சீனி மீற்றரில் தெரியாத வேலை இது.

அதனால் இப்போது குளிசைப் பையில் "இதயத்துக்கும்" என்று எழுதிக் கொடுக்கிறேன். காசு கஷ்டம் என்றால் தானாக விடாமல் டொக்டரிடம் சொல்லச் சொல்கிறேன்.

அப்புறம் விரதம். கந்தசஷ்டிக்கு ஆறு நாளும் சாப்பிடாமல் இருந்துகொண்டு இந்தக் குளிசையைப் போட்டால் உடம்பில் நீர் வற்றும், இரத்தத்தில் அமிலம் கூடும் ஆபத்தும் உண்டு. போன ஐப்பசியில் ஒரு அம்மா முன்கூட்டியே வந்து கேட்டார். அவருடைய டொக்டருக்குப் போன் எடுத்தேன். விரதத்துக்கு முன்பே நிறுத்தி, ஒழுங்காகச் சாப்பிடத் தொடங்கியபின் தொடரச் சொன்னார். பாரணை முடிந்த மறுநாள் காலை, கடை திறந்த கையோடு அம்மாவே போன் எடுத்தார்.

"ரெண்டு நேரம் வடிவாச் சாப்பிட்டாச்சு. இனிப் போடலாமோ பிள்ளை?"