நடுக்கோட்டு மேசையில் ஒரு வாரம்

ஹாக்கி மைதானத்தில் நடுக்கோட்டுக்கு நேராக, எல்லையை ஒட்டி ஒரு மேசை போட்டிருப்பார்கள். டிவியில் பார்ப்பவர்கள் அதைக் கவனிப்பதே இல்லை. நேரம் பார்ப்பது, கோல் போட்டவரின் எண்ணைக் குறிப்பது, அட்டை வாங்கி வெளியே வந்தவரை உட்கார வைத்துத் தண்டனை நேரம் முடிந்ததும் உள்ளே அனுப்புவது எல்லாம் அங்கே இருக்கும் ஜட்ஜுகளின் வேலை. உள்ளூர் லீக் ஆட்டங்களில் இதைச் செய்து பழகிய எனக்கு, 2016-இல் மகளிர் ஆசிய சாம்பியன்ஸ் டிராபி சிங்கப்பூரின் செங்காங் ஹாக்கி அரங்கத்துக்கு வந்தபோது அந்த மேசையில் இடம் கிடைத்தது. இந்தியா, சீனா, ஜப்பான், தென்கொரியா, மலேசியா என ஐந்து தேசிய அணிகள்.

போட்டி தொடங்கிய அக்டோபர் 29 எங்களுக்குத் தீபாவளி. "நல்ல நாளும் அதுவுமா கிரவுண்டுக்குப் போறியா?" என்று அம்மா கேட்டார். விடியற்காலையிலேயே எண்ணெய் தேய்த்துக் குளித்து, சாமி கும்பிட்டுவிட்டுக் கிளம்பினேன்.

ஆட்டத்துக்கு முன்னால் மட்டைகளைச் சோதிப்போம். 51 மில்லிமீட்டர் விட்டமுள்ள வளையத்துக்குள் மட்டை, சுற்றிய டேப்போடு சேர்த்து, தடையில்லாமல் நுழைந்து வெளியே வர வேண்டும். சாதாரண வேலைதான். ஆனால் நாடு எதுவானாலும் கைப்பிடியில் கிரிப் தேய்ந்திருக்கும் இடம் ஏறக்குறைய ஒன்றாகவே இருந்தது. அந்தப் பெண்கள் எத்தனை காலமாக எப்படிப் பயிற்சி செய்கிறார்கள் என்பதை எந்தப் பேட்டியையும்விட அது எனக்குத் தெளிவாகச் சொன்னது.

மேசையில் உட்கார்ந்தவர்களுக்கு மட்டும் கிடைக்கும் காட்சி ஒன்று உண்டு. ஹாக்கியில் ஆள் மாற்றுவதற்கு எண்ணிக்கை வரம்பு கிடையாது. அணியில் 18 பேர், களத்தில் 11 பேர். பெனால்டி கார்னர், அதாவது கோல் அருகே எதிரணி தவறு செய்தால் கிடைக்கும் அடி, அந்த நேரம் தவிர எப்போது வேண்டுமானாலும் மாறலாம். அந்த மாற்றமெல்லாம் நடுக்கோட்டின் பக்கத்தில், எங்கள் கண்ணெதிரே நடக்கும். வெளியே வருபவர் கோட்டைத் தாண்டிய பிறகுதான் அடுத்தவர் உள்ளே போகலாம். சில நிமிடம் முழு வேகத்தில் ஓடிவிட்டு வருவார்கள். சிங்கப்பூரின் புழுக்கத்தில் சட்டை உடம்போடு ஒட்டியிருக்கும், மூச்சு இரைக்கும். உட்கார்ந்து தண்ணீர் குடித்து முடிப்பதற்குள் பயிற்சியாளர் மறுபடி பெயர் சொல்லிக் கூப்பிடுவார், எழுந்துவிடுவார்கள். பெண்கள் ஹாக்கி மெதுவான ஆட்டம் என்று சொல்கிறவர்களை அந்த நாற்காலியில் ஒரு கால்பகுதி, அதாவது 15 நிமிடம், உட்கார வைக்க வேண்டும் என்று தோன்றும். கோபத்தோடுதான் சொல்கிறேன்.

பச்சை அட்டை என்றால் 2 நிமிடம் வெளியே. அதுவரை அணி ஒரு ஆள் குறைவாக ஆட வேண்டும். அப்படி வந்து என் பக்கத்தில் உட்கார்ந்த ஒரு இளம் வீராங்கனைக்கு என் பாஷை தெரியாது, எனக்கு அவர் பாஷை தெரியாது. களத்தைப் பார்ப்பார், என் கையிலிருந்த கடிகாரத்தைப் பார்ப்பார். ஆறுதலாக ஒரு வார்த்தை சொல்ல எனக்கு அனுமதி இல்லை. நேரம் முடிந்ததும் கையைக் காட்டினேன். பாய்ந்து போனார்.

எந்த அணிக்கும் கைதட்டக் கூடாது, முகத்தில்கூடக் காட்டக் கூடாது. நவம்பர் 5, இறுதி ஆட்டம், இந்தியாவும் சீனாவும். லீக் சுற்றில் இந்தியா சீனாவிடம் தோற்றிருந்தது. ரியோ ஒலிம்பிக்கில் கடைசி இடத்தில் முடித்து இரண்டரை மாதம்தான் ஆகியிருந்தது. 36 ஆண்டு கழித்து ஒலிம்பிக்குக்குப் போய் அப்படித் திரும்பிய அணி, இங்கே கோப்பைக்கு ஆடுகிறது. எனக்குள் என்ன ஓடியிருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. 13-வது நிமிடம் இந்தியா கோல் போட்டது. 44-வது நிமிடம் சீனா சமன் செய்தது. பந்து எடுத்துப் போட வந்திருந்த பள்ளிப் பிள்ளை ஒருத்தி இடைவேளையில், "அக்கா, நம்ம கைதட்டலாமா?" என்று கேட்டிருந்தாள். "கூடாதும்மா, இன்னைக்கு ரெண்டு பேருமே நமக்கு ஒண்ணுதான்" என்றேன்.

கடைசி நிமிடத்தில் இந்தியாவுக்குப் பெனால்டி கார்னர். அம்பயர் கை காட்டியதும் கடிகாரம் 40 வினாடிக்கு நிற்கும். காப்பவர்கள் முகக்கவசத்தை மாட்டிக்கொண்டு கோல் கோட்டுக்குப் பின்னால் போவார்கள். பார்வையாளர் கத்துவதற்கும் கும்பிடுவதற்கும் உள்ள நேரம் அது. எங்களுக்கு எண்களைச் சரிபார்க்கும் நேரம். முதல் அடி தடுக்கப்பட்டது. திரும்பி வந்த பந்தைத் தீபிகா தாக்கூர் உள்ளே அடித்தார். தாளில் எண்ணை எழுதி, பக்கத்தில் 60 என்று போட்டேன். இந்தியா 2, சீனா 1. இந்தப் போட்டியில் இந்தியப் பெண்களுக்கு அதுதான் முதல் பட்டம். எனக்கு எதிரே சீன வீராங்கனைகள் செயற்கைப் புல்தரையில் உட்கார்ந்துவிட்டார்கள். அவர்களில் சிலர் அந்த வாரம் முழுக்க என் முன்னால் ஓடி ஓடி மாறியவர்கள். அவர்களுக்காகவும் மனசு வலித்தது, அதில் பொய் இல்லை.

அப்புறம் ஐந்து வருடம் கழித்து டோக்கியோ ஒலிம்பிக். செங்காங்கில் கேப்டனாகக் கோப்பை வாங்கிய வந்தனா கட்டாரியா, தென்னாப்பிரிக்காவுக்கு எதிராக மூன்று கோல் போட்டார். ஒலிம்பிக்கில் ஹாட்ரிக் அடித்த முதல் இந்தியப் பெண் அவர். இந்தியா 4-3 என்று ஜெயித்தது. அன்றைக்கு எனக்குப் பணி இல்லை, வீட்டு சோபாவில் இருந்தேன். மூன்று கோலுக்கும் எழுந்து நின்று, தொண்டை கட்டும்வரை கத்தினேன்.