அமெரிக்க ஜெயில்ல ஐஸ் ஹோல்டு (ICE-ங்கிற இமிக்ரேஷன் அமலாக்கத் துறை ஆளை விடாம வெக்கச் சொல்றது) இருக்குன்னு சொன்னா ஜாமீன் கட்டறதுக்கு முன்னாடி வக்கீல்கிட்ட பேசிடுங்க

எங்க சித்தி பையன் டல்லாஸ் பக்கம் மாஸ்டர்ஸ் படிக்க எஃப்-1 ஸ்டூடண்ட் விசால வந்தவன். ஃபீஸ் கட்ட முடியாம பாதியில நின்னுட்டான், ஸ்டேட்டஸ் (சட்டப்படி இங்க தங்கற தகுதி) போச்சு, கூடவே லைசென்ஸும் எக்ஸ்பயர் ஆயிடுச்சு. ஒரு நாள் நைட்டு போலீஸ் வண்டிய நிறுத்தினப்போ பழைய டிராஃபிக் டிக்கெட்டுக்கு கோர்ட்டுக்குப் போகலன்னு ஒரு வாரண்ட் இருந்துருக்கு, கவுண்டி ஜெயில்ல போட்டுட்டாங்க.

ஜாமீன் தொகை கம்மிதான். கட்டப் போனேன், கவுண்டர்ல இருந்த அம்மா "கட்டுங்க, ஆனா ஆள் வெளிய வரமாட்டார், ஐஸ் ஹோல்டு இருக்கு"ன்னாங்க. எனக்கு கை கால் ஓடல. கட்டாம வெளிய வந்து பார்க்கிங்ல இருந்தே ஒரு இமிக்ரேஷன் வக்கீலுக்கு போன் போட்டேன், அவங்க சொன்னதுதான் எங்களைக் காப்பாத்துச்சு.

ஜெயில்ல கைரேகை எடுத்ததும் அது எஃப்பிஐ வழியா ஐஸ் இருக்கற ஹோம்லேண்ட் செக்யூரிட்டி துறைக்கும் போயிடும். ஸ்டேட்டஸ் இல்லன்னு தெரிஞ்சா ஐஸ் ஆபீஸர் ஒருத்தர் ஐ-247ஏ ஃபார்மை ஜெயிலுக்கு அனுப்புவார், இதுதான் டீடெய்னர். ஜட்ஜ் கையெழுத்தெல்லாம் கிடையாது. நீங்க ஆளை விடற நேரம் வந்ததுக்கப்புறம் 48 மணி நேரம் வரைக்கும் வெச்சிருங்க, நாங்க வந்து கூட்டிட்டுப் போறோம்னு ஒரு கோரிக்கை, அவ்வளவுதான். ஆனா டெக்சாஸ்ல 2017ல வந்த எஸ்பி 4 சட்டத்தால ஜெயில்காரங்க அதை ஏத்துக்கிட்டே ஆகணும். கலிஃபோர்னியா, இல்லினாய்ல இதுக்காக ஆளைப் பிடிச்சு வெக்கக் கூடாதுன்னு சட்டம் இருக்கு.

நிறைய பேருக்குத் தெரியாத விஷயம், இந்த 48 மணி நேரம் அரெஸ்ட் ஆன நேரத்துலேருந்து ஓடாது. ஜாமீன் கட்டினாலோ கேஸ் முடிஞ்சாலோதான் ஆரம்பிக்கும். அவசரப்பட்டு கட்டினா ஐஸ் தூக்கிட்டுப் போயிடும், லோக்கல் கோர்ட் தேதிக்கு ஆள் வர முடியாது, மறுபடியும் வாரண்ட். கட்டாமலே விட்டா கவுண்டி ஜெயில்லயே உக்காந்திருக்கணும். அதனால முதல்ல டிக்கெட் கேஸை முடிச்சோம், அதுலயும் எதை ஒத்துக்கறதுங்கிறதை ரெண்டு வக்கீலும் பேசி முடிவு பண்ணாங்க. 2010ல பாடில்லா கேஸ்ல சுப்ரீம் கோர்ட் சொன்ன மாதிரி கிரிமினல் வக்கீல் இமிக்ரேஷன் பாதிப்பையும் சொல்லியே ஆகணும், இலவச வக்கீலா இருந்தாலும் தைரியமா கேளுங்க. 48 மணி தாண்டியும் ஐஸ் வரலன்னா ஜெயில் விட்டாகணும், அதனால நேரத்தைக் குறிச்சு வெச்சுக்கச் சொன்னாங்க. எங்க விஷயத்துல வந்து கூட்டிட்டுப் போயிட்டாங்க.

அப்புறம் எங்க வெச்சிருக்காங்கன்னு கண்டுபிடிக்கணுமே. ஐஸோட ஆன்லைன் லொகேட்டர்ல பேரைப் போட்டா வரவே இல்ல, நம்ம பேர்ல அப்பா பேர்தானே சர்நேம், ஜெயில்ல அதை மாத்தி ஏத்தியிருந்தாங்க. டீடெய்னர் காப்பியில ஃபைல் நம்பர்னு ஒண்ணு இருக்கும், அதுதான் ஏ-நம்பர் (இமிக்ரேஷன்ல ஆளுக்குக் குடுக்கற அடையாள எண்), அதையும் பிறந்த நாட்டையும் போட்டதும் வந்துருச்சு. அந்த காப்பியை ஜெயில்லேருந்து ஆள்கிட்ட குடுக்கணும், கேட்டு வாங்கிக்கச் சொல்லுங்க. உள்ள "இதுல கையெழுத்துப் போட்டா சீக்கிரம் ஊருக்குப் போயிடலாம்"னு பேப்பர் நீட்டுவாங்க, வக்கீல் பாக்காம போடாதேன்னு போன்ல திரும்பத் திரும்ப சொன்னேன், அவனும் போடல.

விசாவோட உள்ள வந்தவன், பெரிய கேஸ் எதுவும் இல்லங்கிறதால இமிக்ரேஷன் ஜட்ஜ் முன்னாடி பாண்ட் (இமிக்ரேஷன் காவல்லேருந்து வெளிய வர ஜாமீன்) கேக்க முடிஞ்சுது. குறைஞ்சபட்சமே 1,500 டாலர், எங்களுக்கு அதைவிட நிறைய ஆச்சு. கிரீன் கார்டு இருக்க நண்பர் ஒருத்தர் தன் பேர்ல கட்டினார், அவருக்கு நாங்க ஆயுசுக்கும் கடமைப்பட்டிருக்கோம்.

இப்ப பையன் எங்க வீட்லதான் இருக்கான், கேஸ் நடக்குது. வீடு மாறினா 5 நாளுக்குள்ள இமிக்ரேஷன் கோர்ட்டுக்கு ஈஓஐஆர்-33 ஃபார்ம் குடுத்துடணும், இல்லன்னா நோட்டீஸ் பழைய அட்ரஸுக்குப் போய் ஹியரிங்குக்கு போகலன்னு ஆள் இல்லாமலே டிபோர்ட் ஆர்டர் போட்டுடுவாங்க.