கிளைச் சங்கத்தின் பொருளாளராக ஓராண்டு

2018 ஜூன் மாதம், திருச்சியில் நான் உறுப்பினராக உள்ள பொறியாளர் சங்கக் கிளையின் பொதுக்குழுக் கூட்டத்தில், பொருளாளர் பதவிக்கு யாரும் மனு கொடுக்கவில்லை என்று தேர்தல் அலுவலர் அறிவித்தார். தலைவர் பதவிக்கு முன்மொழியவும் வழிமொழியவும் முந்திக்கொண்டவர்கள், கணக்கு எழுதும் பதவி என்றதும் தலையைக் குனிந்துகொண்டார்கள். முன்வரிசையில் இருந்த மூத்த உறுப்பினர் ஒருவர் என் பக்கம் திரும்பி, “நீ இரும்மா, எஸ்டிமேட் போடுறவளுக்குக் கணக்கு வராதா?” என்றார். ஊதியமில்லாப் பதவி, ஓராண்டுதான் என்பதால் சம்மதித்தேன்.

மறுவாரம் ஓர் அட்டைப்பெட்டி என் அலுவலகத்துக்கு வந்து சேர்ந்தது. அதில் மூன்று ரசீதுப் புத்தகங்கள், பல மாதங்களாகப் பதிவு போடாத வங்கிப் பாஸ்புக், குண்டூசி குத்திய வவுச்சர் கட்டு ஆகியவை இருந்தன. தேநீர்க்கடை ரசீதுகள் பலவற்றில் எழுத்து முற்றிலும் வெளிறிப்போயிருந்ததால், வெற்றுத் தாளை வெளிச்சத்தில் பிடித்துத் தொகையைக் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது. அடியில் ஓர் உறைக்குள், வேலை கிடைத்து மஸ்கட்டுக்குப் போய்விட்ட முந்தைய பொருளாளர் கையெழுத்திட்டு வைத்திருந்த பத்து வெற்றுக் காசோலைகள் இருந்தன. வங்கி வேலை முடியும்வரை அவற்றைப் பயன்படுத்திக்கொள்ளலாம் என்று செயற்குழுவில் சிலர் சொன்னார்கள். பதவிக்காலம் முடிந்தவரின் கையெழுத்தில் சங்கப் பணத்தை எடுப்பது முறையாகாது என்று நான் மறுத்து, பத்தின் குறுக்கேயும் ‘ரத்து’ என்று எழுதிக் கோப்பில் சேர்த்தேன். அவர் நல்ல எண்ணத்தில்தான் விட்டுச் சென்றார் என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனாலும் அந்த முடிவு சரி என்றே இன்றும் கருதுகிறேன்.

அதன் விலையையும் கொடுக்க வேண்டியிருந்தது. கையொப்ப மாற்றத்துக்காக வங்கிக்குப் போனபோது, “புதிய நிர்வாகிகள் கணக்கை இயக்கலாம்” என்ற எங்கள் தீர்மானத்தில் யாருடைய பெயரும் இல்லை, எந்த இருவர் சேர்ந்து கையெழுத்திட வேண்டும் என்ற குறிப்பும் இல்லை என்று திருப்பி அனுப்பினார்கள். செயற்குழுவை மீண்டும் கூட்டிப் பெயர், பதவி, கணக்கு எண் எல்லாம் சேர்த்துத் தீர்மானம் எழுதினோம். அதன்பின் பதிவாளர் அலுவலகச் சான்று கேட்டார்கள். எங்கள் கிளை தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம், 1975 இன்கீழ் தனியாகப் பதிவு பெற்றது. செயற்குழு மாறினால் அதைப் படிவம் 7 இல் மாவட்டப் பதிவாளரிடம் தாக்கல் செய்ய வேண்டும். எங்கள் தாக்கலோ முந்தைய ஆண்டே விடுபட்டிருந்தது. ஆகவே முதலில் பழைய குழுவையும் பிறகு புதிய குழுவையும் பதிவு செய்து, தாமதத்துக்கான காரணத்தையும் எழுதிக் கொடுத்தோம். இந்த வேலைகள் அக்டோபரில்தான் முடிந்தன.

இதற்கிடையே ஆகஸ்ட் 22 அன்று இரவு முக்கொம்பில் கொள்ளிடம் மேலணையின் ஒன்பது மதகுகள் வெள்ளத்தில் அடித்துச் செல்லப்பட்டன. 1830களில் ஆர்தர் காட்டன் கட்டிய அணை அது. எங்கள் உறுப்பினர்களில் பலர் மாணவர்களாக முதன்முதலில் கள ஆய்வுக்குப் போன இடமும் அதுவே. அவ்வாண்டு செப்டம்பர் 15, விஸ்வேசுவரய்யா பிறந்தநாளான பொறியாளர் நாளுக்கு வழக்கமான பாராட்டு விழாவைக் கைவிட்டு, பழைய நீர்க்கட்டுமானங்களைப் பராமரிப்பது பற்றிய கருத்தரங்கை நடத்தத் தீர்மானித்தோம். வழக்கமாக நாற்பது பேர் வரும் கூட்டத்துக்கு அன்று நாற்காலி போதவில்லை. பொதுப்பணித் துறையில் ஓய்வுபெற்ற பெரியவர்கள் சுவரோரம் நின்றபடியே அடிமண் அரிப்பைப் பற்றி வாதிட்டார்கள். கணக்கு முடங்கியிருந்ததால் அரங்க வாடகையைச் செயலாளரும் உணவுச் செலவை நானும் கைப்பணத்தில் கொடுத்து, அன்றன்றே வவுச்சர் எழுதித் தலைவரின் ஒப்புதல் பெற்றோம். அலைச்சலுக்கெல்லாம் பொருள் உண்டு என்று எனக்கு முழுமையாகத் தோன்றியது அந்த மாலையில்தான்.

ஆண்டின் இரண்டாம் பாதியில் வருமான வரிச் சிக்கல் ஒன்று தெரியவந்தது. உறுப்பினர் சந்தாவுக்கு வரி இல்லை என்பதால் நிலை வைப்பு வட்டிக்கும் இல்லை என்று எங்கள் கிளையில் நீண்டகாலமாக நம்பி வந்திருக்கிறார்கள். பிடித்தம் செய்த வரிகளைக் காட்டும் வருமான வரித் துறையின் படிவம் 26ஏஎஸ்ஸை எடுத்துப் பார்த்தபோது, வங்கி வட்டியும் அதிலிருந்து பிடித்த வரியும் அதில் பதிவாகியிருந்தன. எங்கள் கணக்கறிக்கையிலோ அந்த வட்டி வரிக்குரிய வருமானமாகக் காட்டப்படவில்லை. உறுப்பினர்கள் தமக்குள் பகிர்ந்துகொள்ளும் பணத்துக்குரிய சலுகை வங்கி வைப்பு வட்டிக்குப் பொருந்தாது என்று பெங்களூர் கிளப் வழக்கில் உச்ச நீதிமன்றம் 2013 இலேயே தீர்ப்பளித்துவிட்டதை எங்கள் ஆடிட்டர் எடுத்துக் காட்டினார். செயற்குழுவில் சற்றுக் கசப்பான விவாதம் நடந்தது. சங்கப் பணத்தை நான் வீணாக்குவதாகக்கூட ஒருவர் சொன்னார். முடிவில் செலுத்த வேண்டியதைச் செலுத்தினோம்.

2019 ஜூன் பொதுக்குழுவுக்குத் துணைவிதிப்படி 21 நாள் முன்னறிவிப்புடன் தணிக்கை செய்த வரவு செலவு அறிக்கையையும் ஐந்தொகையையும் அனுப்பினேன். குறித்த நேரத்தில் கோரம், அதாவது கூட்டம் நடத்தத் தேவையான குறைந்தபட்ச உறுப்பினர் எண்ணிக்கை, சேராததால் அரை மணி நேரம் ஒத்திவைத்துக் கூட்டத்தைத் தொடங்கினோம். தேர்தல் முடிந்த கையோடு, வங்கி கேட்கும் சொற்களிலேயே நான் எழுதி எடுத்துப்போயிருந்த கையொப்பத் தீர்மானத்தில் புதியவர்களின் பெயர்களை நிரப்பி அங்கேயே நிறைவேற்றினார்கள். படிவம் 7 இல் எல்லோரும் கையெழுத்திட்ட பிறகே இரவு உணவு பரிமாறப்பட்டது.

மூன்று நாள் கழித்துப் புதிய பொருளாளரான இளைஞர் என் அலுவலகத்துக்கு வந்தார். ரசீதுப் புத்தக எண்கள், பயன்படுத்தாத காசோலை எண்கள், நகலெடுத்து ஒட்டிய தேநீர் ரசீதுகள், ரத்தான பத்துக் காசோலைகள் என்று ஒவ்வொன்றாகப் பட்டியலில் குறியிட்டுச் சரிபார்த்தோம். கடைசியாகக் கையிருப்பு ரொக்கம் 1,340 ரூபாயை அவர் இருமுறை எண்ணிப் பார்த்து, பட்டியலின் இரு படிகளிலும் கையெழுத்திட்டார்.