ரேழியிலிருந்து மாடி வரை ஒரு கேபிள்

அப்பாவிடம் 214 கேசட்டுகள் இருக்கின்றன. எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் கும்பகோணத்தைச் சுற்றியுள்ள கோயில் உற்சவங்களுக்கு டேப் ரெக்கார்டரைத் தூக்கிக்கொண்டு போய் அவரே பதிவு செய்த நாகஸ்வரம். சாமி புறப்பாட்டு மல்லாரிகள், விடிய விடிய நடந்த ராக ஆலாபனைகள். நாடா பூஞ்சை பிடிக்கத் தொடங்கியதும் எல்லாவற்றையும் கணினிக்கு மாற்ற ஆரம்பித்தேன். சுருக்காமல் பதிந்தால் நிமிடத்துக்கு 10 எம்பி, ஒரு மணி நேரக் கேசட்டுக்கு 600 எம்பி. வேலை முடிந்தபோது 130 ஜிபியைத் தாண்டிவிட்டது.

கணினி இருந்தது பின்கட்டு மாடி அறையில். அப்பா முழங்கால் வலியால் மாடி ஏறுவதை நிறுத்தி இரண்டு வருடம் ஆகியிருந்தது. தான் பதிவு செய்த வாசிப்பைத் தன் அறையில் உட்கார்ந்து அவரால் கேட்க முடியவில்லை. நான் பென் டிரைவில் போட்டுக் கொண்டுவந்து கொடுப்பேன். "இது இல்லை தம்பி, அதே வருடம் இன்னொரு நாள் வாசித்தது" என்பார். மறுபடி மாடிக்கு ஓடுவேன்.

வைஃபை இருக்கிறதே என்று கேட்பீர்கள். எங்கள் வீடு பழைய நீள வீடு. திண்ணை, ரேழி, கூடம், முற்றம், இரண்டாம் கட்டு என்று தெருவிலிருந்து கொல்லை வரை 110 அடி. சுவர்கள் ஒன்றரைக் கல் கனம், சுண்ணாம்புக் காரை. ஃபைபர் இணைப்பும் ரவுட்டரும் ரேழியில் இருக்கின்றன. மாடி அறைக்கு வருவதற்குள் சிக்னல் ஒற்றைக் கோடாகிவிடும். ஆலாபனை உச்சத்துக்குப் போகும் நேரத்தில் பாட்டு நின்று வட்டம் சுற்றும். சிக்னலை நீட்டித்துத் தரும் கருவி ஒன்றை வாங்கி முற்றத்து ஓரத்தில் வைத்துப் பார்த்தேன். கொஞ்சம் தேவலை, அவ்வளவுதான். சுவர்தான் தடை என்றால் சுவருக்குள் புகுந்து போவதே வழி என்று முடிவு செய்தேன்.

எங்கள் தெரு எலக்ட்ரீசியன் அண்ணன் உதவிக்கு வந்தார். மின்சார வயர் ஓடும் குழாயிலேயே நெட்வொர்க் கேபிளையும் இழுத்துவிடலாமே என்றுதான் முதலில் எனக்குத் தோன்றியது. "கூடவே கூடாது தம்பி. எங்கேயாவது தோல் உரிந்து உராய்ந்தால் 230 வோல்ட் உங்கள் கம்ப்யூட்டருக்கே போய்விடும்" என்றார். தனிக் குழாய் போட்டோம். சாதாரண ட்ரில் பிட் சுவரின் பாதியில் நின்றுவிட, நீளமான பிட் ஒன்றை இரவல் வாங்கி வந்தார். முற்றத்துப் பக்கம் துளை போடும்போது வெளிப்புறம் சற்றுச் சரிவாக இருக்கும்படி பிடித்தார். மழைத் தண்ணீர் குழாய் வழியே உள்ளே வராமல் இருக்க இந்தச் சரிவு வேண்டும். அவர் சொல்லித் தந்த இன்னொன்று: ஒரு கேபிள் தேவைப்படும் இடத்தில் இரண்டாக இழுத்துவிடுவது. ஒன்று பழுதானால் மறுபடி சுவரைத் தொட வேண்டாம்.

கேபிள் வாங்கியதில் ஒரு நாள் வீணானது. கேட் 6 (கிகாபிட் வேகத்துக்கு ஏற்ற நெட்வொர்க் கேபிள் வகை) என்று அச்சிட்ட சுருளைக் கடையில் பாதி விலைக்குக் கொடுத்தார்கள். வீட்டுக்கு வந்து ஒரு கம்பியை பிளேடால் சுரண்டினேன். மேலே செம்பு நிறம், உள்ளே வெள்ளை. அலுமினியத்தின் மேல் செம்புப் பூச்சு. இரண்டு முறை மடக்கினால் ஒடிந்துவிடும், தூரம் கூடினால் சிக்னலும் தளரும். திருப்பிக் கொடுத்துவிட்டு வேறு கடையில் முழுச் செம்பு வாங்கினேன். சுவருக்குள் ஒருமுறை போகிற பொருளில் மிச்சம் பிடிக்கக் கூடாது என்பதில் எனக்கு இப்போது மாற்றுக் கருத்தே இல்லை.

முனைகளில் கனெக்டர் மாட்டும் வேலையை நானே செய்தேன். கேபிளின் மேல்தோலை உரித்தால் உள்ளே எட்டுக் கம்பிகள், நான்கு ஜோடிகளாக முறுக்கியிருக்கும். முறுக்கைப் பிரித்து, விரலால் நீவி நேராக்கி, வரிசைப்படுத்த வேண்டும்: வெள்ளை-ஆரஞ்சு, ஆரஞ்சு, வெள்ளை-பச்சை, நீலம், வெள்ளை-நீலம், பச்சை, வெள்ளை-பழுப்பு, பழுப்பு. பச்சை ஜோடியின் நடுவே நீல ஜோடி புகுந்து உட்காரும். அங்கேதான் கை தவறும். எட்டையும் கட்டை விரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே தட்டையாகப் பிடித்து, ஒரே வெட்டாகச் சமமாக வெட்டி, கனெக்டருக்குள் தள்ளி, எட்டு நுனிகளும் முன்சுவரில் முட்டுவதைக் கண்ணால் பார்த்த பிறகே கிரிம்பிங் கருவியை அழுத்த வேண்டும். முறுக்கை எவ்வளவு குறைவாகப் பிரிக்கிறோமோ அவ்வளவு நல்லது. அரை அங்குலம் போதும்.

கூடத்து அலமாரியில், பல கேபிள்களை ஒன்றாக இணைக்கும் எட்டு போர்ட் கிகாபிட் சுவிட்ச் ஒன்றை வைத்தோம். ரவுட்டர், மாடிக் கணினி, அப்பாவின் லேப்டாப், டிவி, திண்ணை அறைப் பிரிண்டர் என ஐந்து கேபிள்கள் அதில் வந்து சேர்ந்தன. விளக்குகள் எரிந்தன. ஒரு கேசட்டின் கோப்பை அப்பாவின் லேப்டாப்புக்கு நகலெடுத்துப் பார்த்தேன். நொடிக்கு 11 எம்பிக்கு மேல் போகவில்லை. கிகாபிட் என்றால் நொடிக்கு 1000 மெகாபிட்; எட்டு மெகாபிட் ஒரு எம்பி என்பதால் 110ஐ ஒட்டி வர வேண்டும்.

சரியாகப் பத்தில் ஒரு பங்கு என்பதே துப்பாக அமைந்தது. 100 எம்பிபிஎஸ் (நொடிக்கு 100 மெகாபிட்) வேகத்துக்கு நான்கு கம்பிகள் போதும், கிகாபிட்டுக்கு எட்டும் வேண்டும். அந்தக் கூடுதல் நான்கில் ஏதாவது ஒன்று தொடர்பு விட்டால், பெரும்பாலும் இரு பக்கக் கருவிகளும் தமக்குள் பேசி வேகத்தை 100க்கு இறக்கிக்கொள்ளும். இணைப்பு அறாது, எச்சரிக்கையும் வராது. கேபிள் டெஸ்டரை மாட்டினேன். ஒன்று முதல் ஏழு வரை விளக்குகள் வரிசையாக எரிந்தன, எட்டாவது எரியவில்லை. மாடி முனையில் பழுப்புக் கம்பி ஒரு மயிரிழை குட்டையாக இருந்து, கனெக்டரின் பல்லில் படாமலே நின்றிருக்கிறது. வெட்டிவிட்டு மறுபடி மாட்டினேன். 600 எம்பி கோப்பு ஆறு நொடியில் வந்து சேர்ந்தது.

அடுத்த சிக்கலில்தான் இரண்டு இரவுகள் போயின. மாடியில் கைபேசிக்கும் வைஃபை கிடைக்கட்டுமே என்று, அங்கே கிடந்த பழைய ரவுட்டரை இரண்டாவது கேபிளில் மாட்டினேன். மறுநாள் காலை பிரிண்டர் தெரியவில்லை. அப்பாவின் லேப்டாப்பில் பாடல்கள் இல்லை. மதியம் எல்லாம் தெரிந்தன, இரவு மறுபடி இல்லை. ஒவ்வொரு கருவிக்கும் ரவுட்டர் கொடுக்கும் நெட்வொர்க் முகவரியையும் தாளில் எழுதிப் பார்த்தபோது விளங்கியது. சில 192.168.1 என்று தொடங்கின, சில 192.168.0 என்று. ஒரே வீட்டில் இரண்டு ரவுட்டர்களும் தனித்தனியாக முகவரி வழங்கிக்கொண்டிருந்தன. எது முந்திக்கொண்டதோ அதன் பக்கம் கருவி போய்விடும், மறு பக்கத்தில் இருப்பவை அதன் கண்ணில் படாது. பழைய ரவுட்டரில் முகவரி வழங்கும் டிஎச்சிபி வசதியை நிறுத்தினேன். அதற்கு 192.168.1.2 என்ற நிலையான முகவரி கொடுத்தேன். கேபிள் இன்டர்நெட் என்று எழுதிய துளையில் அல்லாமல், வீட்டுக் கருவிகளுக்கான லேன் துளையிலேயே இருக்கும்படி பார்த்துக்கொண்டேன். அதன் பிறகு அந்தத் தொல்லை வரவே இல்லை.

விண்டோஸில் ஃபோல்டரைப் பகிர்வது எளிது என்று நினைத்திருந்தேன். முதலில், இரண்டு கணினிகளும் வீட்டு நெட்வொர்க்கைப் பொது இடம் என்று எடுத்துக்கொண்டு தம்மை மறைத்துக்கொண்டன. அமைப்பில் 'பிரைவேட்' என்று மாற்றினேன். பிறகு கடவுச்சொல் கேட்டது. தினமும் மாடிக் கணினியைத் திறக்கும் நான்கு இலக்கப் பின் எண்ணைக் கொடுத்தேன், ஏற்கவில்லை. அந்தப் பின் அந்தக் கணினியின் முன்னால் உட்கார்ந்து திறக்க மட்டும்தான். நெட்வொர்க் வழியே வருபவரிடம் கணக்கின் உண்மையான கடவுச்சொல்லைத்தான் கேட்கும். மாடிக் கணினியில் பகிர்வதற்கென்றே கடவுச்சொல்லோடு தனிக் கணக்கு ஒன்றை உருவாக்கியதும் கதவு திறந்தது.

பிரிண்டர் தனிக் கதை. மனைவி டியூஷன் எடுக்கிறார், தேர்வு நாட்களில் வினாத்தாள் அச்சிட்டாக வேண்டும். ஒருநாள் மின்சாரம் போய் வந்ததும் பிரிண்டர் வேறு முகவரிக்கு மாறிவிட்டது. கணினி பழைய முகவரியிலேயே தேடிக்கொண்டிருந்தது. பிள்ளைகள் கூடத்தில் காத்திருந்தார்கள். அன்றிரவே ரவுட்டரில் அந்தப் பிரிண்டருக்கு ஒரே முகவரியை ஒதுக்கிப் பதிந்தேன். ரவுட்டரையும் சுவிட்சையும் யுபிஎஸ்ஸில் மாட்டினேன்.

எல்லாம் ஓடத் தொடங்கிய மூன்றாவது வாரம், மகள் அப்பாவின் லேப்டாப்பில் ஏதோ தேடும்போது ஒரு ஃபோல்டரை அழித்துவிட்டாள். 1987ஆம் ஆண்டு உற்சவப் பதிவு. பயந்துபோய் ஓடி வந்து சொன்னாள். லேப்டாப்பின் மறுசுழற்சித் தொட்டியில் இல்லை, மாடிக் கணினியின் தொட்டியிலும் இல்லை. நெட்வொர்க் வழியே அழிப்பது தொட்டிக்குப் போகாமல் நேராகவே அழிந்துவிடுகிறது. அந்த நேரத்தில் என் கை நடுங்கியது உண்மை. எல்லோரும் தொடக்கூடிய இடத்தில் ஒரே ஒரு பிரதியை வைத்திருந்தது என் தவறு, குழந்தையின் தவறு அல்ல. அன்றே பிள்ளைகளுக்குப் படிக்க மட்டும் அனுமதி உள்ள வேறு கணக்கு கொடுத்தேன். வாரம் ஒருமுறை வெளி ஹார்ட் டிஸ்கில் முழுப் பிரதி எடுத்து, அதைக் கழற்றி பீரோவில் வைக்கிறேன்.

நல்லவேளை, டிரங்குப் பெட்டியில் மூலக் கேசட் இருந்தது. டேப் ரெக்கார்டரை அப்பாவின் அறைக்கே கொண்டுவந்து, லேப்டாப்பில் இணைத்து மறுபடி பதிவு செய்தோம். மகள் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள். பதியப் பதியக் கோப்பு கேபிள் வழியே மாடிக்குப் போய்க்கொண்டிருந்தது. முதல் பக்கம் முடிந்து நாடா 'டக்'கென்று நின்றதும், அப்பா அவளிடம் கேசட்டைத் திருப்பிப் போடச் சொல்லிவிட்டு, அந்த இரவு சாமி எந்த வீதியில் நின்றுகொண்டிருந்தது என்று சொல்ல ஆரம்பித்தார்.