குளிருக்கு அரை டம்ளர்

ஏற்காட்டில் கிராம சுகாதார செவிலியராக இருந்தபோது காபிப் பழம் பறிக்கும் மாதங்கள்தான் எனக்குச் சிரமம். விடிவதற்குள் தோட்டத் தொழிலாளர்களின் லைன் வீட்டுக்குப் போனால்தான் கர்ப்பிணிகளைப் பார்க்க முடியும்.

ஒரு மார்கழிக் காலையில் ஒரு பெண்ணின் வயிற்றில் டேப் வைத்தேன். 28 வாரம், கர்ப்பப்பை ஏறக்குறைய 28 சென்டிமீட்டர் உயரம் வந்திருக்க வேண்டும். 24தான் இருந்தது. மறுபடி அளந்தேன், அதேதான். ரத்த அழுத்தம் சரியாக இருந்தது.

"ராத்திரி தூக்கம் வருதா கண்ணு?"

"குளிருக்கு அரை டம்ளர் பிராந்தி குடிச்சாத்தானுங்க வருது. அத்தைதான் ஊத்தித் தருவாங்க."

சில வருடங்களுக்கு முன் இதே பதிலைச் சொன்ன இன்னொரு பெண்ணைத் திட்டிவிட்டேன். அப்புறம் என் தலையைக் கண்டாலே தோட்டத்துக்குள் போய்விடுவாள். பிரசவம் வரை அவள் வயிற்றைத் தொட்டுப் பார்க்க முடியவில்லை. அந்த வருத்தம் இன்னும் இருக்கிறது. அதனால் இந்த முறை வாசற்படியில் உட்கார்ந்துகொண்டேன்.

மது கருவை என்ன செய்யும் என்று 1973லேயே சியாட்டில் மருத்துவர்கள் அந்தக் குறைபாட்டுக்குப் பெயர் வைத்து எழுதிவிட்டார்கள். அதை எங்கள் பயிற்சியிலும் சொன்னார்கள். தாயின் ரத்தக்குழாயைப் பற்றி யாரும் பேசவில்லை. கர்ப்பத்துக்கு முன் நிமிடத்துக்கு 50 மில்லி அளவில் கர்ப்பப்பைக்குப் போகும் ரத்தம், பிரசவம் நெருங்கும்போது 500 மில்லியைத் தாண்டுகிறது. அதற்குத் தாயின் தமனிகள் விரிந்து கொடுக்க வேண்டும். குழாயின் உட்சுவரில் சுரக்கும் நைட்ரிக் ஆக்சைடு என்ற வாயுதான் முக்கியமாக அதைத் தளர்த்துகிறது. மது கொடுக்கப்பட்ட கர்ப்பிணி எலிகளில் இந்தத் தளர்ச்சி குறைந்ததை ஆய்வுகள் காட்டியிருக்கின்றன.

"பாப்பா வளர வளர அதுக்குப் போற வாய்க்காலும் அகலமாகணும் கண்ணு. இது அகல விடாது. இவ்வளவு குடிச்சா பரவாயில்லைன்னு ஒரு அளவும் கிடையாது" என்றேன். பிராந்தி தரும் சூடும் பொய்தான். தோலின் குழாய்கள் விரிவதால் உடம்புச் சூடு வெளியேதான் போகிறது.

அடுப்படியிலிருந்த மாமியார் எழுந்து வந்தார். "அப்ப குளிருக்கு என்னதாங்க பண்றது?"

நியாயமான கேள்வி. தகரக் கூரை, ஓட்டைச் சன்னல். அதுவரை அந்த வீட்டில் நான் கேட்டிராத கேள்வியும் அதுதான்.

ஸ்கேனுக்குச் சேலம் அனுப்பினேன். 20 கொண்டை ஊசி வளைவும் மருமகளைப் பிடித்துக்கொண்டு மாமியாரே இறங்கினார். திரும்பும்போது கடைவீதியில் ஒரு கம்பளி வாங்கி வந்திருந்தார்கள்.