எந்தத் தேதிக்குள், சார்?

மாதம் பிறந்தால் 11, 20 என்ற இரண்டு தேதிகள் கணக்கு எழுதுகிறவர்கள் வயிற்றில் புளியைக் கரைக்கும். எனக்கு அந்தத் தேதிகள் பிடிக்கும். 11-க்குள் ஜிஎஸ்டிஆர்-1, அதாவது போன மாத விற்பனை விவரம், போட வேண்டும். 14-ஆம் தேதி, நமக்கு விற்றவர்கள் காட்டிய பில்களின் பட்டியலான 2பி வந்துவிடும். அதைக் கொள்முதல் பில்களோடு ஒத்துப் பார்த்து, 20-க்குள் வரியைக் கணக்கிட்டுக் கட்டும் படிவமான 3பி. எது எப்போது முடிய வேண்டும் என்பது எழுதியே இருக்கிறது. யார் முகத்தையும் பார்த்து ஊகிக்க வேண்டியதில்லை.

ஈரோட்டில் ஓர் ஆடிட்டர் அலுவலகத்தில் ஒன்பது வருடமாக இருக்கிறேன். மஞ்சள் வியாபாரிகள், நூல் கடைக்காரர்கள், ஜவுளிக்காரர்கள் என்று விதவிதமான கணக்குகள். ஜிஎஸ்டி எண்ணில் உள்ள 15 இடங்களில் ஓர் எழுத்து மாறியிருந்தாலும் பக்கத்தைத் திருப்பும்போதே எனக்குக் கண்ணில் குத்தும். வேலை ஒருநாளும் பாரமாக இருந்ததில்லை. வேலையைச் சுற்றி இருந்த பேச்சும் சத்தமும்தான் பாரம்.

ஏன் என்பது 34 வயதில்தான் தெரிந்தது. அண்ணன் மகனை மருத்துவரிடம் காட்டப் போனபோது நானும் அம்மாவும் கூடப் போயிருந்தோம். சட்டை லேபிள் உறுத்துகிறது என்று அழுவானா, ஒரே சாப்பாட்டைத் திரும்பத் திரும்பக் கேட்பானா என்று அவர் கேட்கக் கேட்க, "இவளும் சின்னதுல இப்படித்தானுங்க டாக்டர்" என்று அம்மா என்னைக் காட்டிக்கொண்டே வந்தார். சில மாதம் கழித்து நானும் போய்ப் பரிசோதித்துக்கொண்டேன். எனக்கும் ஆட்டிசம்தான். தமிழில் மதியிறுக்கம் என்றும் எழுதுகிறார்கள். அந்தச் சொல் எனக்கு ஒட்டவில்லை. உள்ளே எதுவும் இறுகிக் கிடக்கவில்லை, எல்லாமே கொஞ்சம் அதிகமாகவே வந்து விழுகிறது.

முதலில் வேலை பார்த்த இடத்தில் ஒருநாள், "அந்த ஃபைல அப்புறம் பாத்துக்கலாம்" என்றார் முதலாளி. சரி என்று எடுத்து வைத்துவிட்டேன். நான்கு நாள் கழித்து எல்லோர் முன்னாலும் சத்தம் போட்டார். அப்புறம் என்றால் மதியம் சாப்பிட்டு வந்த பிறகு என்று மற்ற எல்லோருக்கும் தெரிந்திருந்தது. எனக்குத் தெரியவில்லை. அன்று கழிவறையில் கதவைச் சாத்திக்கொண்டு, சுவர் ஓடுகளை எண்ணியபடி வெகுநேரம் நின்றேன். நம் ஊரில் அப்புறம், சீக்கிரம், கொஞ்சம் பாத்துக்கோங்க என்ற மூன்றிலேயே பாதி அலுவலகம் ஓடிவிடும். ஒவ்வொன்றுக்கும் ஆளைப் பொறுத்து ஓர் அர்த்தம்.

இப்போது நான் ஊகிப்பதில்லை, கேட்கிறேன். "எந்தத் தேதிக்குள், சார்? எத்தனை மணிக்குள்?" பேசி முடித்ததும் நான் புரிந்துகொண்டதை மூன்று வரியில் வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுவேன். தப்பாக இருந்தால் அங்கேயே திருத்திவிடுவார்கள். ஆரம்பத்தில் எதிர்த்துப் பேசுகிறேன் என்று சிலர் நினைத்தார்கள். அதனால் முதல் முறை வேலை தருகிறவரிடம், "தேதி தெரிஞ்சா எனக்குச் சரியா செய்ய வரும்" என்று ஒரு வாக்கியம் சேர்த்துக்கொள்கிறேன். அது போதுமாக இருக்கிறது.

சத்தம் தனிக் கதை. டியூப்லைட் சோக்கின் ரீங்காரம், டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டர், இரண்டு பேர் ஒரே நேரத்தில் போனில். மற்றவர்களுக்கு இவை பின்னால் போய்விடும். எனக்கு எல்லாமே ஒரே தூரத்தில் கேட்கும். 2013-இல் வந்த டிஎஸ்எம்-5 என்ற அமெரிக்க மனநல மருத்துவக் கையேடுதான் இப்படிப் புலன்கள் கூடுதலாகவோ குறைவாகவோ வேலை செய்வதையும் ஆட்டிசத்தின் அடையாளங்களில் ஒன்றாகச் சேர்த்தது என்று மருத்துவர் சொன்னார். நான் நடிக்கவில்லை என்பதற்கு எழுத்தில் ஒரு சாட்சி கிடைத்த மாதிரி இருந்தது. காதுக்குப் பஞ்சு அடைப்பான் வாங்கினேன். ஆடிட்டரிடம் போய், ஃபைல் அறையை ஒட்டி மேசை போட்டுத் தர முடியுமா என்று கேட்டேன். இதைக் கேட்க எனக்கு இரண்டு வாரம் ஆனது. அவர், "இவ்வளவுதானாம்மிணி?" என்றார். மறுநாள் காலை மேசை மாறியிருந்தது.

எல்லோருக்கும் அப்படி ஒருவர் வாய்ப்பதில்லை என்று தெரியும். 2016-இல் வந்த மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைகளில் ஆட்டிசத்தையும் சேர்த்திருக்கிறது. தனியார் நிறுவனங்களும் சம வாய்ப்புக் கொள்கை ஒன்றை வெளியிட வேண்டும் என்கிறது. ஆகவே மேசையை மாற்றித் தரக் கேட்பது சலுகை கேட்பதாகாது. ஆனாலும் கேட்கிற இரண்டு வாரம் நெஞ்சு அடிக்கத்தான் செய்கிறது, அதற்குச் சட்டத்தில் மருந்தில்லை.

ஆயுத பூஜையைத்தான் நான் ரொம்பப் பயந்தேன். சாம்பிராணிப் புகை, கற்பூரம், வாசலில் பூசணிக்காய் உடைக்கிற சத்தம், அந்தச் சின்ன அறையில் முப்பது பேர். இரண்டு வருடம் லீவு போட்டேன். ஆனால் கணக்குப் புத்தகங்களுக்குச் சந்தனம் வைப்பது எனக்குப் பிடிக்கும். இப்போது காலை ஏழு மணிக்கே போய்விடுகிறேன். வாட்ச்மேன் அண்ணா கதவைத் திறப்பார். ஒவ்வொரு பேரேட்டையும் துடைத்து, நடுவிரலால் சந்தனம், அதன் நடுவில் குங்குமம், கீபோர்டின் ஓரத்திலும் ஒரு பொட்டு. விரல் நுனியில் சந்தனத்தின் குளிர்ச்சி மாறுவதற்குள் அடுத்த புத்தகம். ஒன்பதரைக்கு ஆட்கள் வரத் தொடங்கும்போது பொரி கடலைப் பொட்டலத்தை வாங்கிக்கொண்டு கிளம்பிவிடுவேன். "அம்மிணி பூஜையை முடிச்சுட்டாங்க" என்று அக்காமார் சொல்கிறார்கள். யாரும் கோபித்துக்கொள்ளவில்லை.

கண்ணைப் பார்த்துப் பேசுவதையும் விட்டுவிட்டேன். அதற்கே பாதி சக்தி போய்க்கொண்டிருந்தது, காதில் ஒன்றும் ஏறாது. "நோட்டைப் பார்த்துக்கிட்டிருந்தாலும் நீங்க சொல்றதைக் கேட்டுக்கிட்டுத்தான் இருக்கேன்" என்று முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். மாலை வீட்டுக்கு வந்ததும் அரை மணி நேரம் விளக்குப் போடாமல் படுத்திருப்பேன். அந்த அரை மணியை யாருக்கும் விட்டுக்கொடுப்பதில்லை.

ஞாயிற்றுக்கிழமைகளில் அண்ணன் மகன் வருவான். ஒன்பது வயது. பழைய பில்களை வரிசையாகப் பரப்பி, ஜிஎஸ்டி எண்ணின் முதல் இரண்டு இலக்கத்தை வாசிப்பான். 33 தமிழ்நாடு, 32 கேரளா, 29 கர்நாடகா, 24 குஜராத். போன வாரம் நிமிராமலேயே, "அத்தை, 28 எங்கே காணோம்?" என்று கேட்டான். அது பிரிக்கிறதுக்கு முன்னாடி இருந்த ஆந்திரா, இப்போ 37 என்றேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, ஒரு தாளில் 28 என்று எழுதி அதன்மேல் ஒரு கோடு போட்டு, பக்கத்தில் 37 என்று எழுதி என் பக்கம் நகர்த்தினான்.